இருபத்தேழாம் பெட்டியும் வற்றுப்பெருக்கும்

திட்டத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் ஏதாவது சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். கருவிகளை எப்படி இணைப்பது, தரவை எப்படிச் சேமிப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். போன மாதம் பாலையூற்றில் என் வீட்டுத் தொலைக்காட்சி இணையத்தோடு சேரமாட்டேன் என்று அடம்பிடித்தபோது பக்கத்து வீட்டுக்காரிதான் வந்து திருத்தித் தந்தார். அவர் தையல் ஆசிரியை. அதனால் தொழில்நுட்பத்தை விட்டுவிட்டு, நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன். அதில் ஒரு வள்ளமும் வருகிறது.

அப்போது நான் திருகோணமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் கணினி வலையமைப்புக்குப் பொறுப்பான அலுவலர். கொழும்பிலிருக்கும் ஒரு தொலைத்தொடர்புக் கம்பனியும் நாங்களும் சேர்ந்து ஓர் ஆராய்ச்சி தொடங்கியிருந்தோம். சவர்க்காரப் பெட்டி அளவில், இணையத்தை அளக்கும் சின்னப் பெட்டிகளை நாடு முழுவதும் வீடுகளிலும் கடைகளிலும் வைப்பதுதான் திட்டம். ஒவ்வொரு பெட்டியும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தூரத்துக் கணினிகளுக்கு “இருக்கிறீர்களா?” என்று கேட்கும், பதில் வர எவ்வளவு நேரம் பிடித்தது என்று குறித்துக்கொள்ளும். நூற்றுக்கணக்கான பெட்டிகளின் குறிப்பை ஒன்றாகப் பார்த்தால், நாட்டின் இணையம் எங்கே ஓடுகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று தெரியும். திருகோணமலை மாவட்டத்துப் பெட்டிகள் எங்கள் பொறுப்பு. மற்ற மாவட்டங்கள் கம்பனியின் பொறுப்பு. எங்கள் பெட்டிகளுக்குள் கைத்தொலைபேசியில் போடுவது போன்ற ஒரு சிம் இருந்தது. மின்சாரம் கொடுத்தால் போதும், வேலை செய்யும்.

எங்கள் பக்கத்துக்குத் தலைவர் ஒரு பேராசிரியர். அவருடைய பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் கூச்சப்படுவார். ஒரு வரைபடத்தைக் கொடுத்தால் சாப்பாட்டை மறந்துவிடுகிற மனிதர். ஒருமுறை மாணவர்களின் வரவு வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, வருகை அபாரமாகக் கூடிவிட்டதென்று அரை மணித்தியாலம் சந்தோஷப்பட்டார்.

ஒரு நாள் அவர் என் அறைக்கு ஓடி வந்தார்.

“இஞ்ச பாருங்கோ, இருபத்தேழாம் பெட்டியைப் பாருங்கோ!”

இருபத்தேழாம் பெட்டி கிண்ணியாவில் அன்சார் நானா வீட்டில் இருப்பதாக என் பதிவேடு சொன்னது. துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பல்களுக்குத் தண்ணீர், காய்கறி, கயிறு என்று சாமான் ஏற்றிப் போகும் வள்ளக்காரர் அவர், அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவோம். அந்தப் பெட்டியின் இணைப்பு ஒரு நாளைக்கு இரண்டு தரம் நன்றாக இருந்தது, இரண்டு தரம் சுத்தமாக விழுந்தது. அதுவும் ஒரே நேரத்தில் அல்ல. ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட முக்கால் மணித்தியாலத்துக்குச் சற்று மேலாகப் பிந்தியது.

“இது என்னெண்டு விளங்குதோ?” என்றார் பேராசிரியர். “இது வற்றுப்பெருக்கு. கடல் ஏறேக்க இணையமும் ஏறுது. கடல் வத்தேக்க இணையமும் வத்துது.”

“கடலுக்கும் இணையத்துக்கும் என்ன சம்பந்தம், சேர்?”

“அதைத்தான் உலகத்துக்குச் சொல்லப் போறம்.”

உப்புக் காற்று, ஈரப்பதம், நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் அலை என்று அவர் மூன்று கோட்பாடுகள் வைத்திருந்தார். பக்கத்து வீடுகளில் இருந்த பெட்டிகளுக்கு ஏன் அப்படி நடக்கவில்லை என்று நான் கேட்டேன். அதற்கு நான்காவதாக ஒரு கோட்பாடு பிறந்தது.

அந்தக் கிழமையே எங்கள் ஒப்பந்தம் முடிய இருந்தது. அதைப் புதுப்பிப்பதா இல்லையா என்று தீர்மானிக்கக் கம்பனியின் ஆராய்ச்சித் தலைவர் புதன்கிழமை வருவதாக இருந்தார். பெயரை ஜெயசீலன் என்று வைத்துக்கொள்வோம். புதுப்பிக்காவிட்டால் எங்களிடம் இருந்த மூன்று ஆராய்ச்சி உதவியாளர்களும் மாத முடிவில் வீட்டுக்குப் போகவேண்டும். அவர்களில் ஒருத்திக்கு ஆவணியில் கல்யாணம். வளாகத்தில் வேலை செய்யும் பெண் என்று சொல்லித்தான் பேசி முடித்திருந்தார்கள். ஆகவே இருபத்தேழாம் பெட்டியைக் காட்டி ஜெயசீலனை அசத்திவிடுவது என்று பேராசிரியர் முடிவெடுத்தார். வற்றுப்பெருக்கு அட்டவணையை நிறம் நிறமாக அச்சடித்தார். செவ்வாய்க்கிழமை மாலை என்னிடம் வந்து, “ஒரு படம் மட்டும் குறையுது. பெட்டி அந்த வீட்டுச் சுவரில இருக்கிற மாதிரி ஒரு படம். நாளைக்கு விடியக் காலமை ஒருக்காப் போய் எடுத்துக்கொண்டு வாங்கோவன்,” என்றார்.

இந்த இடத்தில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டுக்கு நான் அதுவரை போனதே இல்லை. ஒவ்வொரு பெட்டியையும் நாமே போய்ப் பொருத்தவேண்டும் என்பதுதான் விதி. அன்சார் நானா ஒரு நாள் வேறு அலுவலாக டவுனுக்கு வந்தவர், எங்கள் அலுவலகத்துக்கும் வந்தார். எனக்கும் அன்று கிண்ணியா வரை போக அலுப்பாக இருந்தது. பெட்டியை அவர் கையிலேயே கொடுத்து, “வீட்டில கரண்டுக்குக் குடுங்கோ நானா, அவ்வளவுதான்,” என்றேன். பதிவேட்டில் ‘பொருத்தப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். அலுப்பு வந்தால் மனிதருக்குக் கையெழுத்து மிக அழகாக வரும். நீங்களும் கவனித்துப் பாருங்கள்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு முச்சக்கர வண்டி பிடித்துப் பாலம் கடந்து கிண்ணியாவுக்குப் போனேன். அன்சார் நானாவின் மனைவி கதவைத் திறந்தார். நான் யாரென்று சொன்னதும் முகம் இறுகிவிட்டது.

“அந்தப் பெட்டியா? அது இங்க இல்ல மிஸ். வந்த அண்டே நான் வெளியில போட்டுட்டன்.”

“ஏன் ராத்தா?” என்று அக்கா முறை வைத்துக் கேட்டேன்.

“குசினிக்குள்ள நாம கதைக்கிறதெல்லாம் அது கொழும்புக்கு அனுப்புதாமே. பக்கத்து வீட்டுல சொன்னாங்க. நான் என்ட தங்கச்சியப் பத்திக் கதைக்கிறதெல்லாம் கொழும்புக்காரனுக்கு என்னத்துக்கு?”

“அது கதைக்கிறதைக் கேக்காது ராத்தா.”

“கேக்காத சாமானுக்கு எதுக்கு மிஸ் பச்ச லைட்டு?”

பெட்டி இப்போது எங்கே என்று மட்டும் கேட்டேன்.

“அவர்ட வள்ளத்துல,” என்றார்.

எட்டரை மணிக்குத் துறைமுகத்துச் சின்ன இறங்குதுறையில் நின்றேன். பத்து மணிக்குக் கூட்டம். அன்சார் நானா தன் வள்ளத்தில் குந்தியிருந்து கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். பின்பக்கப் பலகைக்குக் கீழே, ஒரு பொலித்தீன் பைக்குள், வள்ளத்துப் பற்றரியில் கொழுவியபடி இருபத்தேழாம் பெட்டி பச்சையாகக் கண் சிமிட்டியது. பற்றரியை நிரப்ப ஒரு சின்னச் சூரியத் தகடும் வைத்திருந்தார்.

“என்ன நானா இது?”

“என்ன மிஸ் செய்ய? மனிசி வூட்டுல வைக்க உடுறா இல்ல. உங்களுக்கு வாக்குக் குடுத்துட்டன். திருப்பித் தந்தா என்னைப் பத்தி என்ன நினைப்பீங்க? போமுல வாசிச்சுப் பாத்தன். எப்பவும் கரண்டுல இருக்கணும் எண்டுதான் போட்டிருந்திச்சு. வூட்டுல இருக்கணும் எண்டு போடல்ல.”

அந்தப் படிவத்தை எழுதியதும் நான்தான்.

பிறகு வள்ளத்தைச் சுற்றிப் பார்த்தேன். என்ஜினைத் திருத்தக் கொடுத்திருந்தார். ஆறு கிழமையாக வள்ளம் அதே இடத்தில் கட்டியபடி. அதற்குப் பக்கத்தில், தரை தட்டிப் புதைந்துபோன ஒரு பழைய இரும்புத் தெப்பம் மதில்போல நின்றது. தெப்பத்துக்கு அந்தப் பக்கம், தூரத்தில், கைத்தொலைபேசிக் கோபுரம். கடல் ஏறினால் வள்ளம் ஏறும், பெட்டி தெப்பத்தின் விளிம்புக்கு மேலே வந்து கோபுரத்தைப் பார்க்கும். கடல் வற்றினால் வள்ளம் இறங்கும், பெட்டி இரும்புக்குப் பின்னால் ஒளிந்துவிடும். உலகத்துக்குச் சொல்லவிருந்த கண்டுபிடிப்பு அவ்வளவுதான்.

நான் இறங்குதுறைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்சார் நானாவுக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்கவேண்டும்.

“படம்தானே மிஸ் வேணும்? அந்தா, என்ட மச்சான்ட வூடு. நல்ல சுவர் ஒண்டு இருக்கு, புதுசாப் பெயின்ற் அடிச்சது. பெட்டிய அங்க வச்சு ஒரு போட்டோ எடுத்துட்டு வந்து திரும்ப இங்க வச்சிருவம். ஆருக்குத் தெரியும்?”

நான் மறுத்திருக்கவேண்டும். மூன்று பிள்ளைகளின் வேலையை நினைத்தேன், ஆவணிக் கல்யாணத்தை நினைத்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் என் கையெழுத்தைத்தான் நினைத்தேன். பெட்டியைக் கழற்றிக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனோம். பச்சைச் சுவர், மணிக்கூடு, பிளாஸ்ரிக் பூச்சாடி, நடுவில் எங்கள் பெட்டி. அன்சார் நானா தானும் படத்தில் நிற்பதாகச் சொல்லி, அடையாள அட்டைக்கு நிற்பதுபோல நெஞ்சை நிமிர்த்தி நின்றார். எடுத்தேன். பெட்டியைத் திரும்ப வள்ளத்தில் வைத்தோம்.

கூட்டம் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு விடுதி மண்டபத்தில், நடந்து போகும் தூரம்தான். அந்தச் சின்ன நடையில் எனக்கு வியர்த்த வியர்வையைப் பார்த்து ஒருவர் மழையா என்று கேட்டார். மண்டபத்து வாசலில் பேராசிரியர் நின்றார். புதுச் சேட்டு, நீலக் கழுத்துப்பட்டி, அதில் சின்னச் சின்ன மீன்கள். இதற்காகவே வாங்கியிருக்கிறார். படத்தைக் கொடு என்று கை நீட்டினார். அந்த மீன்களைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை.

“சேர், ஒரு விசயம். பெட்டி வீட்டில இல்லை. வள்ளத்தில இருக்கு.”

எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி, படிவம், தெப்பம், நான் போகாமலே போட்ட கையெழுத்து. ஆனால் கைத்தொலைபேசியில் இருந்த படத்தை மட்டும் சொல்லவில்லை. அது இனித் தேவையில்லைத்தானே, பேசாமல் அழித்துவிடலாம் என்று மனதுக்குள் ஒரு கணக்கு.

பேராசிரியர் படிக்கட்டில் உட்கார்ந்தார். நான் என் ஓய்வூதியத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கியபோது மெதுவாகக் கேட்டார்:

“வள்ளம் தெப்பத்துக்கு எந்தப் பக்கம் கட்டியிருக்கு?”

“கிழக்குப் பக்கம் சேர்.”

“கோபுரம் மேற்கிலயோ?”

“ஓம்.”

துள்ளி எழும்பினார். “அப்ப வற்றுப்பெருக்குத்தானே காரணம்! நான் சொன்னது சரிதானே!”

“சரிதான் சேர். ஆனா…”

“ஆனாவை விடுங்கோ. வாங்கோ உள்ளுக்கு.”

பிறகு நின்று, திரும்பி, சத்தத்தைக் குறைத்துச் சொன்னார்: “பெட்டி எங்க இருந்தது எண்டதை நான்தான் முதல் சொல்லுவன். அவையள் கேட்டு நாங்கள் சொல்லக்கூடாது.” என் கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகும் எந்த நாளும் சொல்லவில்லை.

உள்ளே ஜெயசீலன் இருந்தார். ஆறடி உயரம். அகலத்தைப் பற்றி மரியாதைக்காகச் சொல்லாமல் விடலாம் என்றால், பின்னால் அது இல்லாமல் கதை நகராது. விடுதிக் கதிரை அவருக்குப் போதாமல் இரண்டு கைப்பிடிகளும் வெளியே பார்த்தபடி இருந்தன. பக்கத்தில் கம்பனி ஆட்கள் இரண்டு பேர், எதிரே எங்கள் பீடாதிபதி.

பேராசிரியர் எழும்பிச் சொன்னார்: “இண்டைக்கு ரெண்டு செய்தி. ஒண்டு, எங்கட இருபத்தேழாம் பெட்டி நாங்கள் சொன்ன இடத்தில இல்லை. மற்றது, அது இருக்கிற இடம் நாங்கள் நினைச்சதைவிடச் சுவாரசியம்.”

சொல்லி முடித்ததும் ஜெயசீலன் சிரிக்கவில்லை. சுவரில் ஓடிக்கொண்டிருந்த நேரடி வரைபடத்தையே பார்த்தார்.

“ஒரு பெட்டி இப்படி எண்டால் மற்றதுகளை நான் எப்பிடி நம்புறது, பேராசிரியர்?” என்றார். பிறகு கையை நீட்டி, “சரி, இது என்ன? எட்டே முக்காலுக்குப் பக்கத்தில இருபத்தேழாம் பெட்டி செத்துப்போய்த் திரும்ப உயிர்த்திருக்கு. இதுவும் கடலோ?”

மண்டபத்தில் எல்லோரும் வரைபடத்தைப் பார்த்தார்கள். பேராசிரியருக்கு உண்மையாகவே தெரியாது. அவர் கண்கள் மின்னின. ஐந்தாவது கோட்பாடு உருவாகிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. வாயைத் திறக்கவும் போனார்.

“அது… நான் பெட்டியைப் படம் பிடிக்கக் கொண்டுபோன நேரம், சேர்,” என்றேன்.

“எங்க கொண்டுபோன நீங்கள்?”

“நானாவின்ர மச்சான் வீட்டுக்கு.”

“ஏன்?”

“அங்க சுவர் நல்லம்.”

பிள்ளைகள், இதைக் கட்டாயம் கேளுங்கள். உண்மையைச் சொல்லத் தீர்மானித்தால் முக்கால்வாசி சொல்லிவிட்டு நிற்காதீர்கள். நாங்கள் வைத்திருப்பது அளக்கிற கருவிகள். மீதிக் கால்வாசியை அவை சொல்லிவிடும், அதுவும் சுவரில் பெரிதாக.

ஜெயசீலன் என் கைத்தொலைபேசியை வாங்கிப் படத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“இவர் ஏன் இவ்வளவு கவலையா நிக்கிறார்?”

“பொய் சொல்லிப் பழக்கமில்லை, சேர். எனக்கும்தான்.”

அவருடைய தோள்கள் குலுங்கின. முதலில் கோபம் என்று நினைத்தேன். பிறகு கதிரையும் சேர்ந்து குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். “வாங்கோ, அந்த வள்ளத்தைப் பாப்பம். பாத்திட்டுத்தான் மிச்சம்.”

இறங்குதுறைக்கு நாங்கள் ஊர்வலம்போலப் போனோம். கடல் அப்போது பாதி இறங்கியிருந்தது, பெட்டி இன்னும் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் கரையில் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் மடிக்கணினியை வைத்தேன்.

“இன்னும் ரெண்டு மணித்தியாலத்தில கடல் வத்தும், அப்ப இணைப்பு விழுறதைக் கண்ணால காணலாம்,” என்றார் பேராசிரியர்.

“எனக்கு ஒரு மணிக்குக் கொழும்புக்குப் போற வான் வருது,” என்றார் ஜெயசீலன். “கடலுக்காக என்னால காத்திருக்க ஏலாது.”

எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். கடல் அவசரப்படவில்லை. எனக்குள் ஏதோ பொறி தட்டியது.

“நானா, கடல் இறங்காட்டி வள்ளத்தை இறக்கேலாதோ?”

“இறக்கலாமே. பாரம் ஏத்தினா நாலு விரல் இறங்கும்.”

“நாலு விரல் காணும். பாரத்துக்கு எங்க போறது?”

அன்சார் நானா கரையில் நின்ற எங்களை ஒவ்வொருவராக, சந்தையில் பூசணிக்காய் பார்ப்பதுபோலப் பார்த்தார். “இவ்வளவு பேர் நிக்கிறீங்களே,” என்றார்.

பேராசிரியர்தான் முதலில் ஏறினார், சப்பாத்தைக் கழற்றாமலே. பிறகு பீடாதிபதி, சப்பாத்தைக் கழற்றி நெஞ்சோடு அணைத்தபடி. கம்பனி ஆட்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். நான் கணினியைப் பார்த்தேன்.

“இணைப்பு இருக்கு. குறையுது, ஆனா விழேல்லை!”

“இன்னும் பாரம் வேணும்,” என்றார் பேராசிரியர்.

என்னைத் தவிரக் கரையில் மிச்சமாக நின்றவர் ஒருவர்தான். அவர்தான் எங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கவேண்டியவர். பாரம் போதாது, நீங்களும் ஏறுங்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? பேராசிரியர் வானத்தைப் பார்த்தார். பீடாதிபதி தன் சப்பாத்தைப் பார்த்தார். எவருக்கும் கீழே வேலை செய்யாத ஒரே மனிதர் அன்சார் நானாதான்.

“சேர், அவங்க நாலு பேரும் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம்,” என்றார். “நீங்க பின்னுக்கு வந்து இருந்தா வேலை முடிஞ்சுது.”

ஜெயசீலன் கோட்டைக் கழற்றி என்னிடம் தந்தார். வந்து பின்பலகையில், பெட்டிக்கு நேர்மேலே உட்கார்ந்தார். வள்ளத்தின் பின்பக்கம் ஒரு பெருமூச்சோடு இறங்கியது.

“போயிட்டு!” என்று கத்தினேன். “இணைப்புப் போயிட்டு!”

வள்ளத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். அது ஆடியது. உடனே நிறுத்தினார்கள்.

“எழும்புங்கோ சேர்!” என்றார் பேராசிரியர். ஜெயசீலன் எழும்பிக் கரைக்கு வந்தார்.

“வந்திட்டு!”

“ஒருக்காச் செய்தால் அது சோதனையில்லை,” என்றார் பேராசிரியர். “மூண்டு தரம் செய்யவேணும்.”

ஆகவே அந்தப் பெரிய மனிதர் மூன்று தரம் ஏறி மூன்று தரம் இறங்கினார். இரண்டாம் தரம் துறைமுகத் தொழிலாளர்கள் கூடிவிட்டார்கள். மூன்றாம் தரம் அவர்களும் என்னோடு சேர்ந்து “போயிட்டு!”, “வந்திட்டு!” என்று கத்தினார்கள். ஒருவர் இது தேர்தல் விசயமா என்று கேட்டார். இணைய ஆராய்ச்சி என்றேன். தலையை ஆட்டிவிட்டு, “அப்ப எங்கட போனுல சிக்னல் இல்லாததுக்கு இவர்தான் காரணமா?” என்று ஜெயசீலனைக் காட்டிக் கேட்டார்.

கடைசித் தரம் இறங்கியதும் ஜெயசீலன் வேர்த்து விறுவிறுத்துக் கரையில் நின்று, சிரிப்பை நிறுத்திவிட்டு, தனக்குத் தானே சொல்வதுபோலக் கேட்டார்: “எங்கட பெட்டியள் எங்க இருக்கு?”

அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் அவசரமாகத் தங்கள் கைத்தொலைபேசிகளை எடுத்தார்கள்.

கொழும்புக்குப் போன அவர் எல்லாப் பெட்டிகளையும் நேரில் போய்ப் பார்க்கச் சொன்னார். ஒன்று கோழிக்கூட்டில், முட்டைகளுக்குச் சூடாக இருக்கட்டும் என்று வைக்கப்பட்டிருந்தது. ஒன்று கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கி அலுமாரிக்குள். கம்பனியின் அறிக்கைகளில் எல்லாம் முன்மாதிரியாகக் காட்டப்பட்ட, மிக மிக ஒழுங்கான தரவு தந்த பெட்டி ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்துப் பெட்டி என்று பெயர். அது கொழும்பை விட்டுப் புறப்படவே இல்லை. கம்பனியின் சொந்தக் களஞ்சிய அறையில், சோதித்துப் பார்க்கச் செருகியவர் கழற்ற மறந்தபடி இருந்தது.

ஒப்பந்தம் மூன்று வருடத்துக்குக் கேட்டோம். ஒரு வருடத்துக்குத்தான் தந்தார்கள், பெட்டிகளை எப்படிப் பொருத்தவேண்டும் என்ற விதிகளை நாங்களே எழுதவேண்டும் என்ற நிபந்தனையோடு. மூன்று உதவியாளர்களும் வேலையில் தொடர்ந்தார்கள். ஆவணிக் கல்யாணத்துக்கு எல்லோரும் போனோம். பேராசிரியர் இந்தச் சோதனையை இரண்டு பக்கக் கட்டுரையாக எழுதினார். ஒவ்வொரு ‘பயணி’யின் நிறையும் ஓர் அட்டவணையாக அதில் இருந்தது. பெயர் போடாவிட்டாலும் ஐந்தாம் பயணியின் வரியை எடுத்துவிடும்படி கொழும்பிலிருந்து பணிவான ஒரு வேண்டுகோள் வந்தது. எடுத்தால் முடிவு நிரூபணமாகாது என்று பேராசிரியர் பதில் எழுதினார். கட்டுரை இன்றுவரை அவருடைய மேசையில் இருக்கிறது.

பதிவேட்டில் ‘பொருத்தப்பட்டது’ என்ற நிரலுக்குப் பக்கத்தில் அவர் என்னைக் கொண்டு புதிதாக ஒரு நிரல் போடவைத்தார்: ‘கண்ணால் கண்டவர்’. நீங்கள் இன்று நிரப்பும் படிவத்திலும் அது இருக்கிறது. ஏன் இப்படி ஒரு கேலிக்குரிய நிரல் என்று போன கிழமை உங்களில் ஒருவர் கேட்டீர்களாம். இதற்குத்தான்.

அந்தக் கூட்டத்துக்கு அடுத்த கிழமை நான் பெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி கிண்ணியாவுக்குப் போனேன். விதிப்படி அது வீட்டில் இருக்கவேண்டும். இந்த முறை விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. திருப்புளியைக் கொண்டுபோய், ராத்தாவின் முன்னால் மேசையில் வைத்துப் பெட்டியைத் திறந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே நன்றாகப் பார்த்தார். ஒரு பச்சைத் தகடு, சிம், இரண்டு கம்பி. அன்சார் நானா கதவுப் பக்கம் நின்று மூச்சு விடாமல் பார்த்தார்.

“இதுல காது எங்க இருக்கு?” என்றார் ராத்தா.

“காது இல்லை ராத்தா. இது தூரத்தில இருக்கிற கணினியைக் கூப்பிடும், பதில் வருதா எண்டு பாக்கும். வேற ஒண்டும் தெரியாது.”

“நான் கதைச்சா?”

“கேக்காது.”

“இவர் கதைச்சா?”

“அதுவும் கேக்காது.”

ராத்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கணவரை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்ப இந்த மனிசன் கதைக்கிறதக் கேக்கிறதுக்கு இந்த வூட்டுல இனியும் நான் மட்டும்தானா?” என்று பெருமூச்சு விட்டு, பெட்டியை வைக்க அலுமாரிக்கு மேலே இடம் ஒதுக்கித் தந்தார்.